கறுப்பு கவரில் வாங்கிய டயாப்பர்: கேள்வி-பதில்

கே: மாமியாருக்கு ஆஃபரில் எக்ஸ்எல் டயாப்பர் ஆறு பாக்கெட் வாங்கினேன். தொடை ஓரமாக ஒழுகுகிறது. கடையில் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார்கள். (குடியாத்தம்)

ப: அளந்தீர்களா? ஜாக்கெட் தைக்க அளவு கொடுக்கிறோம், இதற்கு மட்டும் கண்பார்வையே போதும். பெரிய சைஸ் அதிகம் தாங்கும் என்பது தப்புக் கணக்கு, லூஸாக இருந்தால் தொடை வழியாகத்தான் வரும். இடுப்பையும் பின்புறத்தையும் அளந்து, எது பெரிசோ அதைக் கவரில் போட்டிருக்கும் சென்டிமீட்டரோடு பாருங்கள். பிரிக்காததையாவது மாற்றித் தரச் சொல்லி நயமாகக் கேளுங்கள். என் அப்பாவுக்கு இப்படி வாங்கியதில் மூன்று பாக்கெட் இன்னும் பரண்மேல் கிடக்கிறது.

கே: வயது 45. தும்மினால் சிறுநீர் கசிகிறது. ஏழு நாளில் நிற்கும் என்ற விளம்பரத்தை நம்பி 2,800 ரூபாய்க்குப் பொடி வாங்கினேன். பலனில்லை, போனும் எடுப்பதில்லை. (காட்பாடி)

ப: உங்கள்மேல் தப்பில்லை அம்மா. வெளியே சொல்லக் கூச்சப்படுவீர்கள் என்று தெரிந்துதான் விற்கிறார்கள். இதுதான் எனக்கு ஆறாத கோபம்: மெடிக்கல் ஷாப்பில் டயாப்பர் கேட்டால் ஏதோ சாராயம் மாதிரி கறுப்பு கவரில் சுற்றித் தருகிறார்கள், நாமும் பில் கேட்காமல், விலை பார்க்காமல் ஓடிவருகிறோம். பிரசவம், மாதவிடாய் நிற்பது, உடல் எடை, தீராத இருமல், மலச்சிக்கல் இவற்றால் சிறுநீர்ப்பையைத் தாங்கும் தசை தளர்ந்து கசியும். அதை எந்தப் பொடியும் ஏழு நாளில் இறுக்காது. சிறுநீரை அடக்குவதுபோல அந்தத் தசையைச் சில விநாடி இறுக்கி விடுங்கள், எட்டுப் பத்து தடவை, தினம் மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். சரியாகச் செய்கிறீர்களா என்று பெண் மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்ட்டிடமோ காட்டுங்கள். செலவு அவ்வளவுதான். பார்சல் லேபிள், விளம்பரப் படம், பணம் கட்டிய மெசேஜ் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் போடுங்கள். அதற்கும் மசியாவிட்டால், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம். இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது.

கே: அப்பா இரவில் ஐந்து தடவை எழுகிறார், கழிவறை போவதற்குள் நனைந்துவிடுகிறது. தண்ணீரைக் குறைத்துவிட்டோம். எந்த டயாப்பர் நல்லது? (ஆம்பூர்)

ப: வேலூர் பக்கத்து வெயிலில் தண்ணீரைக் குறைத்தீர்களா! சிறுநீர் கெட்டியானால் அவசரம் இன்னும் கூடும். படுக்கப்போகும் முன்பு மட்டும் டீ, தண்ணீரைக் குறையுங்கள், போதும். டயாப்பர் அப்புறம். முதலில் டாக்டரிடம் சர்க்கரையும், புராஸ்டேட்டும் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) பார்க்கச் சொல்லுங்கள். கட்டிலடியில் ஒரு யூரின் கேன், வழியில் ஒரு நைட் லேம்ப்.

கே: டயாப்பரைக் கழிவறையில் போட்டு ஃப்ளஷ் செய்யலாமா? (வாலாஜா)

ப: கூடாது. பேப்பரில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். குழாய் அடைத்தால் ஆள் கூப்பிட எவ்வளவு ஆகும் என்று என் வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.