மறக்கப்பட்ட இசையமைப்பாளரின் ஓபராவை, அதாவது பாடல்களாலான இசை நாடகத்தை, மேடையேற்றுவதில் எது கடினம்?

பணம் என்றுதான் பலரும் சொல்வார்கள். என்னைக் கேட்டால், எந்தப் பிரதியை நம்புவது என்பதே முதல் தலைவலி. இசையமைப்பாளர் விக்டர் உல்மானின் 'அட்லாண்டிஸின் பேரரசன்' ஓபரா நல்ல உதாரணம். அதில், ஓயாத போரால் சலித்துப்போன மரணமே வேலைநிறுத்தம் செய்துவிடுகிறது. யாராலும் சாக முடியவில்லை. நாஜிகளின் தெரேசியன்ஷ்டாட் முகாமில் சக கைதி பீட்டர் கீன் எழுதிய கதை இது. 1944இல் ஒத்திகை நடந்தது, அரங்கேறவில்லை. அக்டோபரில் இருவரும் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள், திரும்பவில்லை. முதல் மேடை 1975இல், ஆம்ஸ்டர்டாமில்.

தப்பிய கையெழுத்துப் பிரதியில் அடித்தல் திருத்தல்கள் ஏராளம். தட்டச்சு செய்த பாடல் உரை தனியே இருக்கிறது. இரண்டும் எல்லா இடத்திலும் ஒத்துப்போவதில்லை. எந்த வரியை வைப்பது, எதை விடுவது என்பதை ஒவ்வொரு குழுவும் புதிதாக முடிவு செய்தாக வேண்டும்.

வாத்தியக் குழு சிறியதுதான். ஆனால் வயலினோடு பான்ஜோ, சாக்சபோன், ஹார்மோனியம் எல்லாம் உண்டு. முகாமில் கிடைத்த கலைஞர்களை மனதில் வைத்து எழுதிய இசை அது. பெரிய இசைக்குழுவுக்கு ஊதிப் பெருக்கினால் கெட்டுவிடும். முரசறைபவள் என்ற பாத்திரம் பாடும்போது ஜெர்மானிய தேசிய கீதம் கோணலாக ஒலிக்கும்; அந்த நையாண்டி மெல்லிய குழுவில்தான் தெளிவாகக் காதில் விழும்.

ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுவதால், டிக்கெட் விற்பதற்காக இன்னொரு குறும்படைப்பைச் சேர்ப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.