வாசகர் கேள்வி – பதில்: மூங்கில் கொத்துக்கு வரும் நீள்வால் பறவை

கேள்வி: திருவையாற்றுக்கு அருகே, குடமுருட்டிக் கரையில் எங்கள் வீடு இருக்கிறது. மார்கழி மாதத்தில் கொல்லை மூங்கில் கொத்துக்கு, ரிப்பன் கட்டியதுபோல் வால் தொங்கும் வெள்ளைக் குருவி ஒன்று வந்தது. மறுவாரம் செம்பழுப்பு நிறத்தில், அதேபோன்ற வாலுடன் இன்னொன்று வந்தது. இவை ஆணும் பெண்ணுமா?

பதில்: இல்லை, இரண்டும் ஆண்களே. அரசவால் ஈப்பிடிப்பான் எனப்படும் இப்பறவையின் ஆண்களில் வெண்ணிறத்தவையும் செம்பழுப்பு நிறத்தவையும் உண்டு. உடல் சுமார் 20 செ.மீ. தான் என்றாலும், வாலின் நடு இறகுகள் இரண்டும் 30 செ.மீ. வரை நீண்டு தொங்குவதால், அது கிளைவிட்டுக் கிளை தாவும்போது வால் ஒரு கணம் பின்தங்கி வருவதுபோல் தோன்றும். பெண்ணுக்கு வால் குட்டை, முதுகு செம்பழுப்பு. இளம் ஆணும் ஏறக்குறைய அப்படியே இருப்பதால், குட்டை வாலைக் கண்டதும் பெண் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். தொண்டையைப் பாருங்கள்: வளர்ந்த ஆணுக்குத் தலையோடு தொண்டையும் பளபளக்கும் கருப்பு, பெண்ணுக்குச் சாம்பல்.

குளிர்காலத்தில் நம் பக்கம் வலசை வரும் இது வெட்டவெளி வயலில் இறங்காது. வாய்க்காலோரத்து மரநிழலில் நிமிர்ந்து அமர்ந்து, பறக்கும் பூச்சியைப் பாய்ந்து பிடிக்கும். பிற்பகலில் தேங்கிய நீரருகே காத்திருந்தால், கிளையிலிருந்து நீரில் விழுந்து எழுந்து குளிப்பதையும் காணலாம். 1758-இல் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் இதைக் காக்கைப் பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுதியில்) சேர்த்தது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் மற்ற பல ஈப்பிடிப்பான்களைவிடக் காக்கைக்கும் கரிச்சானுக்குமே இது நெருங்கிய உறவு என்பதுதான் இன்றைய வகைப்பாடும்.

கேள்வி: இந்த இனம் நம் நாட்டில் மட்டும்தான் உள்ளதா? (மன்னார்குடி வாசகர்)

பதில்: இல்லை. டெர்ப்சிஃபோனி என்னும் இப்பேரினத்தின் பிற இனங்கள் ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், பிலிப்பைன்ஸ், ஜப்பான் எனப் பரந்துள்ளன. இலங்கையில் நிலையாக வாழும் நம் இனத்தின் ஆண்கள் வெள்ளையாக மாறுவதில்லை. அங்கே வெள்ளை வால் கண்ணில்பட்டால் அது வலசை வந்த பறவை.

இப்பேரினத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, இந்தியப் பெருங்கடல் தீவு நாடான சீஷெல்ஸில் வாழும் இனம். ஆண் முழுக்கக் கருமை. பெண்ணுக்கோ கருந்தலை, செம்பழுப்பு முதுகு, வெள்ளை வயிறு. லா டீக் தீவில் ஒடுங்கிக் கிடந்த இவற்றில் 23 பறவைகளை 2008-இல் டெனிஸ் தீவுக்குக் கொண்டுசென்று குடியேற்றினார்கள். அவை நாடி வாழும் மரங்கள் நமக்கும் பழக்கமானவையே: புன்னையும் நாட்டு வாதுமையும்.