போன வருட ஃப்ளூ ஊசி போதுமா?

இந்த வருடமும் உங்கள் அப்பத்தாவுக்குப் போடத்தான் வேண்டும். காரைக்குடியில் போன ஐப்பசியில் போட்டது வீணில்லை, அது அந்த வருட வைரஸுக்கானது.

ஃப்ளூ வைரஸ் தன்னைப் படியெடுக்கும்போது பிழை விடும், திருத்தாது. பிழை சேரச் சேர மேற்புறப் புரதம் உருமாறி, பழைய எதிர்ப்புப் பொருளுக்குப் பிடிபடாது. வயதானவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி சீக்கிரமே இறங்கியும் விடும்.

தட்டம்மை ஊசி மட்டும் எப்படி ஆயுசுக்கும் காக்கிறது என்றீர்கள். அந்த வைரஸும் மாறுகிறது. ஆனால் மேற்புறப் புரதம் ரொம்ப மாறினால் செல்லுக்குள் நுழையவே முடியாது. 1954-ல் எடுத்த வைரஸிலிருந்து வந்த ஊசி இன்றும் பலிப்பது அதனால்தான்.

வாங்கும்போது பெட்டியில் எந்த ஆண்டுக்கானது என்று பாருங்கள். பலன் தெரிய இரண்டு வாரமாகும், அடைமழைக்கு முன்பே போடுங்கள். இப்போது கடும் காய்ச்சல் இருந்தால் தணியட்டும். ஊசிக்கு அப்புறமும் சளி வரலாம்; மூச்சு வாங்கினால் மட்டும் காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.