லாபம் கொழிக்கும்போது தேக்கம் எப்படி?

அன்புள்ள தோழருக்கு,

முதலாளித்துவம் தேங்கிவிட்டது என்று தொடர்ந்து எழுதுகிறீர்கள். ஆனால் பெருநிறுவனங்களின் லாபமும் ஏறுகிறது, பங்குச்சந்தையும் ஏறுகிறது. நோயாளி இத்தனை தெம்பாக நடமாடுவாரா? நெருக்கடி வரும், வரும் என்று இடதுசாரிகள் சொல்லிக்கொண்டிருப்பது வெறும் ஆசைதானே?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலாளித்துவம் சரியப்போகிறது என்று நாள் குறித்தவர்கள் எங்கள் தரப்பில் உண்டு. அவர்கள் கணக்கு பொய்த்தது. ஆனால் சரிவு வேறு, தேக்கம் வேறு. கிடைத்த லாபம் புதிய ஆலையாகவும் வேலையாகவும் மாறாமல் நின்றுவிடுவதைத்தான் தேக்கம் என்கிறேன்.

இதைச் சொல்ல சோஷலிஸ்டாக இருக்க வேண்டியதில்லை. மக்கள்தொகைப் பெருக்கம் மந்தமானால் முதலீட்டு வாய்ப்புகள் சுருங்கும் என்று 1938இலேயே அமெரிக்கப் பொருளியலாளர் ஆல்வின் ஹான்சன் எச்சரித்தார். போர் வந்தது, எல்லோருக்கும் வேலை கிடைத்தது, அவர் பேச்சு மறந்துபோனது. 2013இல் அமெரிக்காவின் முன்னாள் நிதியமைச்சர் லாரன்ஸ் சம்மர்ஸ் ஹான்சனின் ‘நீண்டகாலத் தேக்கம்’ என்ற சொல்லை மீண்டும் எடுத்தார்.

அமெரிக்க மார்க்சியப் பொருளியலாளர்கள் பால் பாரனும் பால் ஸ்வீசியும் 1966இல் தந்த விளக்கமே எனக்கு அதிகம் பொருந்துகிறது. சந்தையை ஒருசில பெருநிறுவனங்கள் பங்குபோட்டுக்கொண்ட பிறகு விலைப்போட்டி ஒழிகிறது. தொழில்நுட்பத்தால் செலவு குறைகிறது, விலையோ குறைவதில்லை. இடையில் உபரி குவிகிறது. கூலி அமுக்கப்பட்டிருக்கும்போது கூடுதல் பண்டங்களை வாங்குவது யார்? விற்காது என்று தெரிந்தால், கையில் எவ்வளவு பணம் இருந்தாலும் எந்த நிறுவனமும் இன்னோர் ஆலை கட்டாது. போருக்குப் பின் 1973 வரை நீடித்த செழிப்பில், இடிந்த நகரங்களின் மறுகட்டுமானமும், காரும் நெடுஞ்சாலையும், ராணுவச் செலவும் அந்த உபரியை உறிஞ்சின.

அவை ஓய்ந்ததும் பணம் நிதிச்சந்தைக்குத் திரும்பியது. நிறுவனங்கள் தங்கள் பங்குகளைத் தாங்களே திரும்ப வாங்க 1982இல் அமெரிக்க விதி வழிவிட்டது. அப்படி வாங்கினால் பங்கின் விலை ஏறும், அதனால் ஒருவருக்கும் வேலை பிறக்காது. நீங்கள் தெம்பு என்று பார்ப்பதை நான் நோயின் அறிகுறியாகப் பார்ப்பது இதனால்தான்.

மார்க்சியர் எல்லோரும் இதை ஏற்பதில்லை. மூலதனத்தின் லாப விகிதம் சரிவதே வேர் என்பாரும் உண்டு. 1970களுக்கு அவர்கள் வாதம் நன்றாகவே பொருந்துகிறது. அதற்குப் பின் வந்த காலத்துக்கு அது போதவில்லை என்பது என் எண்ணம்.

ஆசை என்கிறீர்கள். நெருக்கடியில் முதலில் வேலை இழப்பவர் தொழிலாளிதான், அதை எப்படி ஆசைப்படுவேன்? 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு மத்திய வங்கிகள் பணத்தை உருவாக்கிக் கடன்பத்திரங்களை வாங்கிக் குவித்தன. அதே துணிவோடு மருத்துவமனையும் வீடும் கட்டி எல்லோருக்கும் வேலை தரலாமே என்றால் மட்டும் பணம் எங்கே என்கிறார்கள். போலந்துப் பொருளியலாளர் மிஹால் கலெட்ஸ்கி இதற்கான காரணத்தை 1943லேயே எழுதிவிட்டார்: எல்லோருக்கும் வேலை இருந்தால், வேலையைவிட்டு நீக்கிவிடுவேன் என்ற மிரட்டலுக்குத் தொழிலாளி அஞ்சமாட்டான்.