மணலில் புதைந்த வண்டி: கயிறு கடைசியில்தான்

ஷார்ஜா மிலைஹா மணல்மேட்டில் முன்பின் தெரியாத ஒருவரின் பஜேரோ அடிவயிறு வரை புதைந்துவிட்டதாகவும், டோ பாலில் (டிரெய்லர் மாட்டும் இரும்பு உருண்டை) கயிறு கட்டி இழுத்தபோது அறுந்துவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். அறுந்ததோடு போயிற்றே! அந்த உருண்டை பிய்ந்து பறந்திருந்தால் கண்ணாடியைத் துளைத்து ஆளையே கொன்றிருக்கும். அப்படி உயிர்கள் போயிருக்கின்றன. அது டிரெய்லர் இழுக்க மட்டும்தான், புதைந்த வண்டியை வெடுக்கென்று இழுக்க அல்ல.

அடுத்த முறை மண்வெட்டியை முதலில் எடுங்கள். வயிறு மணலில் உட்கார்ந்திருக்கும்வரை இழுப்பது வீண். அடியிலும் சக்கரங்களுக்குப் பின்னாலும் மணலை வாரிவிட்டு, டயர் காற்றை 12 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குங்கள் (அவர் 35-இலேயே வந்திருப்பார், பந்தயம்!). வந்த தடத்திலேயே ரிவர்ஸில் மெதுவாக எடுக்கச் சொல்லுங்கள். ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பினால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். பெரும்பாலும் இதிலேயே வண்டி வந்துவிடும்.

அப்புறமும் அசையவில்லையா? சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டம்) போல்ட் போட்ட மீட்புக் கொக்கிகளில் மட்டும் ஷாக்கிள் (கயிற்றைப் பிணைக்கும் வளையம்) மாட்டி, நீண்டு கொடுக்கும் கைனடிக் கயிற்றால் இழுங்கள். கயிற்றின்மேல் கனமான போர்வை ஒன்று கிடக்கட்டும். வேடிக்கை பார்ப்பவர்கள் கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்காவது தள்ளி நிற்க வேண்டும்.

தார்ச்சாலை ஏறும் முன் அவர் டயரில் காற்றையும் நிரப்பிவிடுங்கள்.