கர்ப்பத்தில் சர்க்கரை: எடை எவ்வளவு ஏறலாம்?

கர்ப்பகாலச் சர்க்கரை உள்ளவர்களுக்கு உணவு ஆலோசனை சொல்வதுதான் என் வேலை. எடை பற்றி வந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன்.

அக்கா, 24ஆம் வாரத்தில் சர்க்கரை என்றார்கள். முன்பு 68 கிலோ, உயரம் 155 செ.மீ. இப்போதே 7 கிலோ ஏறிவிட்டது. இன்னும் எவ்வளவு ஏறலாம்?

சர்க்கரைக்கென்று தனிக் கணக்கு கிடையாது. 2009இல் அமெரிக்காவில் வகுத்த அளவைத்தான் பலரும் பார்க்கிறார்கள். உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் பிஎம்ஐ, கர்ப்பத்துக்கு முந்தைய எடைப்படி உங்களுக்கு 28. அதற்கு மொத்தம் 7 முதல் 11.5 கிலோ. ஆக, இனி வாரத்துக்குக் கால் கிலோ போதும். நம் நாட்டில் பிஎம்ஐ 25 தாண்டினாலே உடல் பருமன் என்பதால், உங்கள் டாக்டர் இன்னும் குறைத்தும் சொல்லலாம்.

ரெண்டு உயிருக்குச் சாப்பிடு என்கிறார் மாமியார். சோற்றைக் குறைத்தால் பிள்ளை இளைத்துவிடுமா?

இளைக்காது. உங்கள் ரத்தத்தில் கூடும் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியே பிள்ளைக்குப் போகிறது. பிள்ளையின் கணையம் அதற்காக இன்சுலினை அதிகம் சுரக்க, கொழுப்பு சேர்ந்து பிள்ளை பெருக்கிறது. பிரசவத்தில் தோள் சிக்குவதும், பிறந்ததும் பிள்ளைக்குச் சர்க்கரை இறங்குவதும் இதனால்தான். மாமியாரையும் ஒருமுறை செக்கப்புக்குக் கூட்டிப் போங்கள், டாக்டர் வாயால் கேட்கட்டும்.

பயந்துபோய் ராத்திரி சாப்பாட்டையே விட்டுவிட்டேன். ரெண்டு வாரத்தில் ஒன்றரைக் கிலோ குறைந்தது, சர்க்கரையும் நன்றாக இருக்கிறது. சரிதானே?

சரியில்லைம்மா. இன்று ராத்திரியே சாப்பிடத் தொடங்குங்கள். உணவை மாற்றிய புதிதில் எடை கொஞ்சம் நிற்பது உண்டு. ஆனால் நீங்கள் பட்டினி கிடக்கிறீர்கள். கர்ப்பத்தில் பட்டினி இருந்தால் உடம்பு சீக்கிரமே கொழுப்பைக் கரைத்து கீட்டோன் உண்டாக்கும், அது பிள்ளைக்கு நல்லதில்லை. டாக்டரிடம் சொல்லி சிறுநீரில் கீட்டோன் பார்த்துவிடுங்கள்.

இரவுக்கு ரெண்டு சப்பாத்தி, ஒரு கிண்ணம் பருப்புக் கூட்டு, ஒரு முட்டை. படுக்கும்முன் சர்க்கரை போடாத பால் அரை டம்ளர், ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை. காலையில்தான் பலருக்குச் சர்க்கரை எகிறும், அதனால் நாலு இட்லிக்குப் பதில் ரெண்டு, கூடவே காய் நிறையப் போட்ட சாம்பார். சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள். இப்படிச் சாப்பிட்டும் வெறும் வயிற்றில் 95, சாப்பிட்டு 2 மணி நேரத்தில் 120 தாண்டினால் மருந்து வேண்டும் என்று அர்த்தம். மருந்தைத் தள்ளிப்போட வயிற்றைக் காயப்போடாதீர்கள்.

இன்சுலின் போட்டால் குண்டாகிவிடுவேனா?

கொஞ்சம் ஏறலாம், சிறுநீரில் வீணான சர்க்கரை இனி உடம்பில் தங்குமல்லவா. அளவாகச் சாப்பிட்டால் கட்டுக்குள் நிற்கும். ஊசி பிள்ளையைப் பாதிக்குமோ என்ற பயம் வேண்டாம்.

34ஆம் வாரம். ஒரே வாரத்தில் ரெண்டு கிலோ. மோதிரம் கழற்ற வரவில்லை.

இது சாப்பாட்டு எடையாகத் தெரியவில்லை, நீர் கோத்திருக்கலாம். இன்றே போய் பிரஷரும் சிறுநீரில் புரதமும் பாருங்கள். தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி இருந்தால் இந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

பிரசவத்துக்கு அப்புறம்?

சர்க்கரை போய்விட்டதா என்று பார்க்க, 6 முதல் 12 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துப் பரிசோதனை செய்யுங்கள். பிள்ளைக்குத் தடுப்பூசி போடப் போகும்போதே இதையும் கேட்டு முடித்துவிடலாம்.