தட்டில் மூன்று நிறம்: எது நோய்க்கிருமி?

கேள்வி: எங்கள் நன்னீர்க் குளத்து மீன்களின் உடலில் செம்புள்ளிகளும் புண்களும் தோன்றின. இறந்த மீனின் புண்ணிலிருந்து எடுத்த மாதிரியை, கோலிஃபார்ம் எனும் குடல்வகைப் பாக்டீரியாவைக் கண்டறியப் பயன்படும் நிறங்காட்டும் வளர்ப்பு ஊடகத் தட்டில் இட்டோம். மறுநாள் இளஞ்சிவப்பு, நீலம், வெள்ளை என மூன்று வகைக் காலனிகள் (பாக்டீரியாத் திரள்கள்) வந்திருந்தன. இவற்றில் எதை நோய்க்கிருமி என்று கொள்வது?

பதில்: இந்தத் தட்டைக் கொண்டு எதையும் முடிவு செய்ய வேண்டாம். மீன் இறந்ததும் குளத்து நீரிலுள்ள பாக்டீரியாக்கள் புண்ணில் பெருகிவிடுவதால், நோயை உண்டாக்கியது எது, பின்னால் வந்து சேர்ந்தது எது என்று பிரித்தறிய இயலாது. சாகும் தறுவாயிலுள்ள மீனைப் பிடித்து, தோலை ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, முதுகெலும்பை ஒட்டி அடர்சிவப்பாகத் தெரியும் சிறுநீரகத்தில், தீயில் சுட்டு ஆறவைத்த கம்பி வளையத்தைச் செருகி மாதிரி எடுங்கள். அதிலிருந்து ஒரே வகைக் காலனி தட்டு நிறைய வளர்ந்தால், அதுவே பொருட்படுத்தத்தக்க சான்று.

நிறத்தையும் அளவோடுதான் நம்பவேண்டும். இவ்வகை ஊடகத்தில் நிறமற்ற ஒரு பொருளைச் சர்க்கரையோடு பிணைத்து வைத்திருப்பார்கள். அந்தப் பிணைப்பை வெட்டும் நொதி எந்தப் பாக்டீரியாவிடம் இருக்கிறதோ அதன் காலனியில் நிறம் ஏறும். ஆகவே நிறம் காட்டுவது நொதியைத்தான், பாக்டீரியாவின் பெயரை அன்று. நீங்கள் பயன்படுத்திய ஊடகத்தில் கோலிஃபார்ம்கள் பீட்டா-காலக்டோசிடேஸ் என்ற நொதியால் இளஞ்சிவப்பாக வளரும். செம்புள்ளி நோய்க்குப் பெரும்பாலும் காரணமாகும் ஏரோமோனாஸ் எனும் பாக்டீரியா இனத்திடமும் அதே நொதி இருப்பதால், அதுவும் இளஞ்சிவப்பாகவே வரக்கூடும். இரண்டையும் பிரிப்பது ஆக்சிடேஸ் என்ற வேறொரு நொதிக்கான சோதனை: வினைப்பொருள் தடவிய தாளில் காலனியைத் தேய்த்தால், ஏரோமோனாஸ் அத்தாளைக் கருநீலமாக்கும், கோலிஃபார்ம் ஆக்காது. சில நொடிகளில் முடியும் இச்சோதனையைத் தவிர்த்துவிட்டு நிறத்தை மட்டும் பார்த்துப் பெயர் சொல்வது பெரும் பிழை.

தட்டில் வராத கிருமியையும் மறக்கக்கூடாது. செவுளை அரிக்கும் ஃபிளாவோபாக்டீரியம் காலம்னேர் என்ற பாக்டீரியா, சத்துக் குறைந்த தனி ஊடகத்தில்தான், வேர் பரவியதுபோன்ற விளிம்புடைய மஞ்சள் காலனியாக நன்கு வளரும். உங்கள் தட்டில் அதைக் காணவில்லை என்பதால் குளத்தில் அது இல்லை என்றாகாது.

தனிக் காலனியைத் தூய வளர்ப்பாக்கி, மரபணுவைக் கொண்டு கிருமியை இனங்காணும் பி.சி.ஆர். சோதனைக்கும், எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று பார்க்கும் மருந்து உணர்திறன் சோதனைக்கும் ஆய்வகத்திடம் கொடுங்கள். அம்முடிவு வரும்வரை தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலக்காதீர்கள். கையில் காயம் இருந்தால் கையுறை இன்றி அந்த மீன்களைத் தொடவேண்டாம். ஏரோமோனாஸ் மனிதரின் புண்ணிலும் தொற்றும்.